கல்வயிற்றில் விரித்த பாய்

கைரல்லாவிடம் ஒரு குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதாக ஊர் பேசும். அந்த மனிதருக்குத் தற்பெருமை ஜாஸ்தி. "என் கையில ஏறின படகு எதுவும் கல்லுல தங்கினதில்ல" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. கல்யாண வீட்டில் சொல்வார். தொழுகைக்குக் கை கால் கழுவும்போது பக்கத்தில் குந்தியிருப்பவனிடம் சொல்வார். எங்கள் ஊர்க் கழுதைகளுக்கே அது மனப்பாடம்.

அது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். உண்மை என்பதுதான் எரிச்சல்.

ஹல்ஃபாவுக்குத் தெற்கே நைல் நூறு மைலுக்கு நதியாகவே இருக்காது. பாறை, பாறைக்கு நடுவே நுரை, நுரைக்கு அடியில் மறுபடியும் பாறை. கல்வயிறு என்று பெயர். வெள்ளம் வரும் இரண்டு மாதத்தில்தான் நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே அதன் மேல் படகு ஏறும். அதுவும் தானாக ஏறாது. கரையில் முந்நூறு பேர் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க வேண்டும். படகின் மூக்கில் ஒருவர் நின்று, தடியால் தண்ணீரைக் குத்திப் பார்த்து, இடமா வலமா என்று கை காட்ட வேண்டும். அப்படி நிற்பவரை ரய்யிஸ் என்போம். கைரல்லா ரய்யிஸ். நான் கயிற்றுக்காரர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவன். நான் வாயைத் திறந்தால்தான் அத்தனை கால்களும் ஒன்றாக எடுத்து வைக்கும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கைரல்லாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. பதினேழு வயதில் அறுந்த கயிறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஓட்டை வாயை வைத்துக்கொண்டுதான் கல்வயிற்றின் தென்கோடியில் இருக்கும் அஷ்கெய் ஊரில் நப்ராவைப் பெண் கேட்டார். நப்ராவின் அண்ணன் ஜாபிர் அந்த ஊர்க் கயிற்றுக்காரர்களுக்குத் தலைவன். மாப்பிள்ளைக்குப் பல் இல்லையே என்று பெண் வீட்டார் தயங்கியபோது, கடிப்பதற்கா கட்டிக்கொள்கிறேன் என்று நப்ராவே கேட்டாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடைசிப் பேச்சு யாருடையது என்பது தெளிவு.

ஒரே மகன் ஸிராஜ். அப்பனுடைய கல்லும் நுரையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலேயரின் நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளப் போனான். கைரல்லா ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் முதல் ஆளாகக் கரைக்கு ஓடியவரும் அவர்தான்.

அப்புறம் கெய்ரோ விழுந்தது. நாற்பத்திரண்டு கோடையில் ஜெர்மானியரும் இத்தாலியரும் பாலைவனத்தைத் தாண்டி, அலெக்ஸாண்டிரியாவைப் பிடித்து, கெய்ரோவில் வந்து காப்பி குடித்தார்கள். ஆங்கிலேயர் ஹல்ஃபாவைக் காலி செய்யும்போது வீடு மாற்றும் பெண்பிள்ளை மாதிரி ஒன்றையும் விடவில்லை. ரயில் என்ஜின்களை எடுத்துப் போனார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்துப் போனார்கள். கப்பல்களை மட்டும் கல்வயிற்றின் வழியாக மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியது யார்? கைரல்லா. ஸிராஜ் வேலை பார்த்த கப்பலைத் தன் கையாலேயே கல்வயிற்றுக்கும் தெற்கே டோங்கோலா பக்கம் ஏற்றிவிட்டுத் திரும்பினார். அத்தோடு மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அடுத்த வருஷம் வெள்ளம் ஏறும்போது எதிரி ஹல்ஃபாவில் இருந்தான். அவனுடைய டாங்கிகள் மேற்குக் கரையோடு முன்னேறி, அஷ்கெய்க்கும் அப்பால் மூன்று நாள் தூரம் போய், பெட்ரோல் தீர்ந்து நின்றன. லாரியில் அனுப்பிப் பார்த்தார்கள். சுமந்த பெட்ரோலில் பாதியை லாரியே குடித்தது, மீதிப் பாதி வழியில் அச்சு முறிந்து நின்றது. ரயில் இல்லை. மிச்சம் இருந்தது நதிதான். ஆறு தட்டைப் படகுகளில் பீப்பாய்களை அடுக்கிக்கொண்டு கல்வயிற்றின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார் ஒரு இத்தாலியக் கேப்டன். பெயர் பெல்லாண்டி. பெங்காசியில் கற்ற அரபியைப் பேசுவார். அவர் பேசினால் பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். வரைபடத்தைப் பீப்பாய் மேல் விரித்து, கைரல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது ஹல்ஃபா. இது டோங்கோலா. நடுவுல ஒரு சாண்கூட இல்ல."

கைரல்லா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல கல்லு எங்க, கேப்டன்?"

"கல்லெல்லாம் போடல. இது ரோம்ல அச்சடிச்ச படம்."

"அப்ப ரோம் வழியாவே போயிடுங்களேன்."

கேப்டன் சிரித்துவிட்டார். அவருக்கு மேலே இருந்த ஜெர்மன் மேஜர் சிரிக்கிற ஜாதி இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் பத்துப் பேரைப் பிடித்து ஹல்ஃபாவில் அடைத்தான். ஒரு படகு மோதினாலும் சரி, ரய்யிஸ் வர மறுத்தாலும் சரி, பத்துப் பேரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினான்.

அன்று சாயங்காலம் கைரல்லாவும் நானும் கயிறுகளை நனைத்துக்கொண்டிருந்தோம். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"இந்தப் பெட்ரோலு போய்ச் சேந்தா டாங்கி கெளம்பிடும். டோங்கோலாவுல எம்மவன் இருக்கான். போய்ச் சேரலன்னா இங்க பத்துப் பேரு. நீ என்ன சொல்ற?"

நான் யோசிக்காமல் சொன்னேன். தண்ணீர் சாட்சி சொல்லவா வரப்போகிறது, ஒரே ஒரு படகு நழுவி வழியை அடைத்தால் போதும், விபத்து என்று சொல்லிவிடலாம் என்றேன்.

"விபத்துன்னு அந்த மேஜர் நம்புவானா? அதுவும் எங்கையால நடந்தா?"

அங்கே நிறுத்தியிருந்தால் சரி. அந்த மனிதர் நிறுத்தவில்லை. "அதுவும் போக, வேணும்னே ஒரு படகக் கல்லுல விட என் கை வராதுப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகனைவிட உமக்கு உம் பெருமை பெரிதா என்று கேட்டுவிட்டு, கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பாட்டெடுக்கப் போனேன் என்பது வேறு விஷயம். பத்துப் பேரில் என் தம்பியும் ஒருவன்.

கல்வயிற்றில் கயிறு இழுக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஊர் ஆண்களும் தங்கள் எல்லைப் பாறை வரைதான் இழுப்பார்கள். அங்கே அடுத்த ஊர் ஆட்கள் காத்திருப்பார்கள், கயிறு கை மாறும். ரய்யிஸும் பாட்டுக்காரனும் மட்டும் கடைசி வரை கூடவே போவார்கள். ஆனால் கயிறு உடனே கை மாறாது. போன வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் பார்த்துக்கொள்கிறோம், இடையில் யார் வீட்டில் யார் இறந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். இறந்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, கயிற்றைக் கீழே வைத்து, வெறும் கையை ஏந்தி ஃபாத்திஹா பிரார்த்தனை ஓத வேண்டும். துக்கம் கேட்காதவன் கையில் எவனும் கயிறு கொடுக்க மாட்டான், அவனிடமிருந்து வாங்கவும் மாட்டான். சாதாரண வருஷத்தில் அரை மணி நேரத்தில் முடியும். அது சண்டையும் காய்ச்சலும் சேர்ந்து வந்த வருஷம். முதல் எல்லைப் பாறையிலேயே ஒரு பகல் போயிற்று.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார், கத்தினார், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். தண்ணீர் இறங்குவதற்குள் ஏற்ற வேண்டும், செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். இரண்டாவது பாறையில் அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டு, வழக்கப்படி அவரிடமும் போய், "உங்க வீட்ல யாரு தவறினாங்க?" என்று கேட்டார்.

கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். "தம்பி" என்றார். "ருஷ்யாவுல. பனியில."

பெயர் என்னவென்று பெரியவர் கேட்டார். லூச்சோ என்றார். முந்நூறு பேரும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஏந்தினோம். பனி என்றால் என்னவென்றே தெரியாத முந்நூறு பேர். கேப்டன் பெட்ரோல் பீப்பாய் மேல் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவர் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. ஒவ்வொரு பாறையிலும் எங்களுக்கு முன்பே கையை ஏந்திக்கொண்டு நின்றார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. 

இத்தனை நாள் வீணாகியும் கைரல்லா படகுகளை ஏற்றிக்கொண்டே போனார். அந்த வருஷம் அவர் ஓட்டின மாதிரி நான் பார்த்ததில்லை. இன்னொரு ரய்யிஸ் ஒரு நாள் எடுக்கும் இடத்தை மதியத்துக்குள் முடித்தார். செய்கிற வேலையைச் சரியாகச் செய்யாமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். ஏழு ஊர் எல்லை தாண்டியாகிவிட்டது. எட்டாவது அஷ்கெய். அங்கே இரண்டு பாறைக்கு நடுவே ஒரு படகு அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தாண்டினால் கல்வயிறு முடிந்தது, டாங்கிகள் இருக்கும் இடம் வரை சமத்தண்ணீர். ஆறு படகும் வாசலைத் தாண்ட மூன்று நாள் வேண்டும். தண்ணீர் இன்னும் ஐந்து நாள் தாங்கும் என்று தடியை ஊன்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சொல்லும்போது குரல் செத்துப்போயிருந்தது.

அஷ்கெய் எல்லைப் பாறையில் ஜாபிரும் அவன் ஆட்களும் நின்றார்கள். தலைப்பாகைகளை அவிழ்த்துக் கழுத்தில் போட்டிருந்தார்கள். அப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். என் பாட்டு பாதியில் நின்றது. ஜாபிர் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி வந்து, படகுக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் ஏந்தினான்.

"மச்சான். டோங்கோலாவுல கொதிகலன் வெடிச்சிருச்சு. ஸிராஜ் போயிட்டான்."

கைரல்லா தடியை விட்டுவிட்டார். அது நுரையில் சுழன்று போயிற்று. அவரை நாலு பேர் தூக்கிக் கரையில் போட்டோம்.

பாய் விரித்தாயிற்று. துக்கப் பாய் விரித்தால் மூன்று நாளைக்கு ஊரில் ஒரு கயிறு அசையாது. ரய்யிஸ் பாயில் உட்கார்ந்திருக்கும்போது படகை இழுக்கச் சொன்னால் கழுதைகூட வராது. கேப்டன் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து, கையை ஏந்தி, கைரல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சர்க்கரை இல்லாத காலம் அது. தன் பங்குச் சர்க்கரை முழுவதையும் துக்க வீட்டுத் தேநீருக்குக் கொடுத்தார். மூன்று நாள்தான், தண்ணீர் ஐந்து நாள் தாங்கும் என்று மேஜருக்குக் கம்பியில்லாத் தந்தியில் அவரே சமாதானம் சொன்னார். ஐந்தில் மூன்று போனால் இரண்டு, வாசலுக்கு மூன்று வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தம்பிக்காகக் கையேந்தினவர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியத் தொழுகைக்கு முன் ஜாபிர் செம்போடு வந்து, கைரல்லாவின் கையில் தண்ணீர் ஊற்றினான். நான் அடுத்து உட்கார்ந்திருந்தேன். ஊற்றிக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னான்.

"மச்சான், பையன் நல்லா இருக்கான். வேற வழி தெரியல. அழுகைய நிறுத்திடாத."

நாங்கள் கழுதை விற்கும்போது பொய் சொல்வோம். பேரீச்சை விற்கும்போது சத்தியம் செய்தே பொய் சொல்வோம். சாவுச் செய்தியில் மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை. சொன்னால் அந்தச் சாவு சொன்னவன் வீட்டுக்கே வரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஜாபிருக்கும் ஒரே மகன்தான். அடுத்த ஒரு வருஷம் அந்தப் பிள்ளையை அவன் ஆற்றுப் பக்கமே விடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கைரல்லா செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அழுதார். முதல் இரண்டு நாளைவிடப் பெரிதாக அழுதார். சந்தோஷத்தை அழுகையாகத்தான் வெளியே விட முடியும் என்றால் ஒரு மனிதன் எவ்வளவு அழுவான் என்று அன்று பார்த்தேன்.

நாலாம் நாள் அவர் படகின் மூக்கில் ஏறி, வேறு தடியை வாங்கி ஊன்றிப் பார்த்து, இன்னும் மூன்று நாளைக்குத் தண்ணீர் தாங்காது என்று கேப்டனிடம் சொன்னார். அதில் பொய் இல்லை. அந்த வாரத்திலேயே ஆறு படகுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்து பாறையில் குந்திக்கொண்டன. மோதவில்லை, உடையவில்லை, யாரும் மறுக்கவில்லை, பத்துப் பேரைச் சுட முகாந்திரம் இல்லை. மேஜர் அவர்களை விடவும் இல்லை. பீப்பாய்களைச் சுமக்கக் கழுதை தேடினார்கள். ஆற்றங்கரையில் இருந்த கழுதைகள் எல்லாம் அந்த வாரம் மலைக்கு மேயப் போயிருந்தன.

டாங்கிகள் போன இடத்திலேயே நின்றன. மணல் ஏறிற்று. அவர்கள் அதற்கு மேல் தெற்கே ஒரு அடி வைக்கவில்லை. வழங்கல் பாதை அளவுக்கு மீறி நீண்டதால் அச்சு நாடுகள் தம் எல்லையை எட்டின என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எல்லை என்பது ஏதோ வயலுக்கு வரப்பு மாதிரி தானாக அங்கே கிடந்தது என்று எழுதினவனுக்கு நினைப்பு.

சாவுச் செய்தி படகைவிட வேகமாகப் போகும். நாங்கள் ஊர் திரும்பியபோது நப்ரா வீட்டு முன்சுவரில் தான் தீட்டியிருந்த சித்திரங்களையெல்லாம் சேற்றால் மெழுகி மறைத்திருந்தாள். முகத்திலும் சேறு. கைரல்லாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவர் மார்பில் தலையை மோதிக்கொண்டாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கிணற்றடியில் மேஜரின் ஆட்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். துக்க வீட்டுக்குப் பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிரித்தால் போதும், ஹல்ஃபாவில் பத்துப் பேர். அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதார்.

அன்றைக்குச் சரி. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். நப்ரா அரை ஆளாக இளைத்துப் போனாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் போய், உயிரோடு இருக்கும் பையனுக்கு ஃபாத்திஹா ஓதி, அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். என் தம்பிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

மாசி முடிகிற சமயம் எதிரி ஹல்ஃபாவை விட்டு வடக்கே போனான். பத்துப் பேரும் வீடு வந்தார்கள். ஒன்பதாம் நாள் ஸிராஜ் வந்தான். நப்ரா அவன் காதைப் பிடித்துப் பார்த்தாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். கைரல்லா ஆடு அறுத்தார். அஷ்கெய்யிலிருந்து ஜாபிர் வந்தான். ஜாபிர் நல்லவன், ஆனால் வாய் நிற்காது. சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோர் முன்னாலும் கதையை எடுத்துவிட்டான். மூன்றாம் நாள், செம்பு, உதடு அசையாமல் சொன்னது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நப்ரா தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மூணாம் நாளே தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"பாட்டுக்காரா, உனக்கும் தெரியுமா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னா நான் அழுகைய நிறுத்திடுவேன்னு பயந்தீங்களா, ஸிராஜ் அப்பா?"

"ஆமா" என்றார் கைரல்லா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அந்த இத்தாலிக்காரனுக்கு நம்ம துக்கத்துல மரியாதை இருக்கும்னு நம்புனீங்க. ஜாபிர் ஆளுங்க முந்நூறு பேரு வாயத் தொறக்க மாட்டாங்கன்னு நம்புனீங்க. என்ன நம்பல." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லியிருந்தா உங்கள விட நல்லா அழுதிருப்பேன். ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். ராத்திரி முக்காட்டுக்குள்ள சிரிச்சிருப்பேன், அவ்வளவுதான்."

தட்டைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தாள், அவருக்கும் கொடுத்தாள்.  அதற்கப்புறம் அவர்கள் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள், அவள் அவரைக் கேலியும் செய்தாள். என்னிடம் மட்டும் ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஆறு படகுகளைப் பற்றி நான் கட்டின பாட்டை நாலு ஊரில் பாடினார்கள். அவள் முற்றத்தில் அதை யாரும் பாடக் கூடாது.

பதினோரு வருஷம் கழித்து ஒரு காலையில் நப்ரா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊரில் சாவுச் செய்தி சொல்ல ஆண்கள்தான் போவார்கள், வீட்டுப் பெண் பாயை விட்டு எழ மாட்டாள். அவள் எழுந்து, ஊரின் அந்தக் கோடியிலிருந்து தனியாக நடந்து வந்திருந்தாள்.

"ரய்யிஸ் போயிட்டாரு" என்றாள். "கண்ண நாந்தான் மூடினேன். நெசந்தான். அதச் சொல்லத்தான் நானே வந்தேன்."

நான் கையை ஏந்தினேன். ஓதி முடிக்கும் வரை அவள் நின்றாள். அப்புறம் ஜாபிருக்கும் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.